பார்க்க வேண்டியவை

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
இடத்தின் பெயர், வட்டம், பேருந்து வசதி,
உகந்த மாதம், பார்வை நேரம்,
படகுக் குழாம் உண்டா இல்லையா.

காங்கயத்திலிருந்து தெற்கே
ராக்கியப்பன் ஓட்டும் ஜீப்பில் நாலாவது நாள்.
கண்ணுக்கெட்டியவரை கொறங்காடு.
கொழுக்கட்டைப் புல் காய்ந்து
வெளுத்த மஞ்சளில் சாய்ந்து கிடக்கிறது.
நடுநடுவே வெள்வேல மரம்,
அதன் பின்னால் காற்றாலைகள்,
ஒன்று சுற்ற ஒன்று நிற்க.

முந்தாநாள் கொடுமணலில்
மேட்டுக் காட்டைக் காட்டினார்கள்.
கல்மணி அறுத்தவர்கள், இரும்பு உருக்கியவர்கள்.
இரண்டாயிரம் ஆண்டுக்கு
நாற்பது சொல் ஒதுக்கியிருந்தது துறை.
முப்பத்தெட்டில் முடித்துவிட்டேன்.
மீதி இரண்டை
யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை.

மூலனூர் தாண்டி ஒரு காட்டுக் கடவில்
வண்டி நின்றது.
கிளுவை வேலி.
படலுக்கு முட்டாக ஒரு புலிகுத்திக் கல்.
ஈட்டி பிடித்த கை தேய்ந்துபோய்
புலியின் வால் மட்டும் நன்றாக இருந்தது.
கீழே இரண்டு வரி எழுத்து.
ஆடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து
கடைசி ஒற்று மட்டும் மிச்சம்,
எந்த ஆண்பிள்ளை பெயரும்
முடியக்கூடிய ஒரு ன்.

"யாருங்க இது?"
வேலாத்தாள் தூக்குப்போசியை இறக்கி வைத்தார்.
"கல்லுங்க."
"கதை ஏதாவது?"
"எங்க மாமனாரு படலுக்கு முட்டுக் குடுத்தாருங்க.
அதுக்கு முந்தி சும்மா விழுந்து கெடந்துச்சாமா."

உகந்த மாதம் கேட்டேன்.
"ஐப்பசில மழை பேஞ்சா வாங்க.
பெய்யலீன்னா எதுக்கு வாறீங்க?"
படகுக் குழாம் கட்டத்தை
ராக்கியப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் அவர் கேட்டார்:
"பாக்க வர்றவீங்க
போறப்பப் படலச் சாத்திப்போட்டுப் போவாங்களா?
தொறந்து போட்டா
நாப்பது உருப்படியும் ரோட்டுல நிக்கும்.
போன மாசம் லாரிக்காரன்
ஒரு குட்டிய அடிச்சுப்போட்டான்."

அன்றிரவு தாராபுரம் விடுதியில்
புலி, ஈட்டி, உத்தேச நூற்றாண்டு எழுதி
மீதியிருந்த சொல் இரண்டையும்
கடைசியில் வைத்தேன்:
படலைச் சாத்தவும்.

தை மாதம் கையேடு வந்தது, வழுவழுத் தாளில்.
புலிகுத்திக் கல்லுக்கு இடமில்லை.
அந்த ஒரு வரி மட்டும் பக்கம் மாறி
நொய்யல் அணைப் படத்துக்குக் கீழே.
சாயத் தண்ணீர்
அச்சில் நல்ல பச்சையாக விழுந்திருந்தது.
பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்:
"சார், இங்க மதகுதான் இருக்குது.
எந்தப் படலைச் சாத்தறது?"

பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன்.
பேருந்து வசதி என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
குட்டி ஒன்று, லாரி, போன மாதம்.