நெட்டிக்குளத்தில் ஒருநாள் விடுப்பு

விடுப்புக்குக் காரணம் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்யில்லை.

ஆறரை ஜீப்பில் மூணாற்றிலிருந்து
முட்டைக்கோஸ் சாக்குகளுக்கிடையே உட்கார்ந்து வந்து
நெட்டிக்குளம் வளைவில் இறங்கியபோது
ஏரி இன்னும் வந்திருக்கவில்லை.
வெள்ளையாய் இருந்த பக்கம் பார்த்து
நம்பி நடந்தேன்.

காவல் குடிசையில் பைலி
அனுமதிச் சீட்டை இரண்டு முறை வாசித்தான்.
"சிஸ்டரோ? சார் அல்லே வரேண்டது?"
சார் யாருமில்லை, நான்தான் என்றேன்.
பதிவேட்டைத் திருப்பி வைத்தான்.
பெயர்: ஜெபக்கனி.
வேலை: எஸ்டேட் ஆஸ்பத்திரி.
இரை: ஈ.
பிடித்தது எத்தனை என்ற கட்டத்தை மட்டும்
சாயங்காலத்துக்கு விட்டுவைத்தான்.

ஈக்களை நானே கட்டினேன்.
இரவு டூட்டியில், பிரசவ வார்டு அசந்த நேரம்,
ஆர்ட்டரி இடுக்கியில் கொக்கியைக் கவ்வவிட்டு
காலாவதியான தையல் பட்டை ஏழு சுற்று.
கழுத்து இறகு
மூணாம் லயன் மிக்கேலின் சிவப்புச் சேவல் தந்தது,
தந்தது என்றா சொல்வது, இரண்டு நாள் என்னைத் துரத்தியது.
இடுப்பில் மினுங்க மிட்டாய்த் தாள்.
எந்த ஊரிலும் பறக்காத பூச்சி.

வீசுவதில் பாதி, சும்மா இருப்பது.
நூல் பின்னால் முழுசாய் நீளும்வரை
முன்னே இழுக்கக் கூடாது.
இப்ப முக்காதே, பொறு,
இப்ப முக்கு
என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.
முதல் மூன்று வீச்சும்
கிராண்டிஸ் கிளைக்குப் போயின.

பத்து மணிக்குப் பனி விலக
எதிர்க்கரையில் கொழுந்தெடுப்பு.
"சிஸ்டரு! என்ன புடிக்கிறீக?"
"ஒண்ணுமில்ல!"
"அதுக்கா ஜீப்புக்குக் காசு குடுத்து?"
சிரிப்பு தண்ணீர்மேல் நடந்து வந்து
என் காலடியில் ஏறியது.
அந்தப் பக்கத்து மீனெல்லாம்
அப்போதே அடிக்குப் போயிருக்கும்.

டிரவுட் இந்த மலையில் பிறந்ததில்லை.
பனிக்கட்டியில் முட்டையாய், தலைச்சுமையாய் ஏற்றினார்களாம்.
எங்களையும் அப்படித்தான் என்று
இந்த இடத்தில் சொல்லத் தோன்றும்.
சொல்லமாட்டேன்.
மீனுக்கு ரேஷன் கார்டு தொல்லை கிடையாது.

மதியம் போடிப் பக்கத்துக் காற்று ஏறிவந்து
ஏரியைச் சுருட்டிச் சுருட்டி வைத்தது.
கரையில் உட்கார்ந்து
எலுமிச்சைச் சோறும் நெத்திலிக் கருவாடும் தின்றேன்,
முழு ஏரிக்கு முன்னால், வெட்கமில்லாமல்.

மூன்றேகாலுக்குக் காற்று நின்றது.
கோரை ஓரம் ஒரு வளையம்.
ஒன்றே ஒன்று, யாரோ ஒற்றை மழைத்துளி போட்டதுபோல்.
அதற்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது என் பூச்சி.
பதினொன்று எண்ணினேன்.
உள்ளங்கையில் நூலை மடித்து மடித்து
அட்டை ஊர்கிற வேகத்தில் இழுத்தேன்.
நூல் நின்றது.
கல் என்று நினைத்தேன்.
கல் நடந்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் எனக்குப் பெயர் இல்லை.

வலையில் கிடந்தது ஒன்றரைக் கிலோ இருக்கும்.
பக்கவாட்டில் மருதாணி கழுவிய நிறத்தில் ஒரு கோடு.
நனைத்த கையை வயிற்றடியில் கொடுத்தேன்.
அந்தக் கனம் என் கைக்குத் தெரியும்.

குடிசையிலிருந்து ஓடிவந்த பைலி சொன்னான்,
இங்கே இது முட்டை இடும், பொரிக்காது,
ஓடுகிற வெள்ளம் வேணும்,
வறுத்தால் நல்ல ருசி.
தெரியும் என்றேன்.
தெரிந்துகொண்டே
தலையை ஆழத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்தேன்,
செவுள் தன் மூச்சைத் தானே கண்டுபிடிக்கும்வரை.
இரக்கம் என்று சொல்ல வரவில்லை.
கைப்பழக்கம்.
வால் அடித்து என் முகத்தை நனைத்துவிட்டுப் போனது.

குடிசையில் பேனாவோடு காத்திருந்தான்.
"பூஜ்யம் எழுதட்டே?"
"ஒண்ணு. டிஸ்சார்ஜ் ஆயாச்சு."
அவன் சிரிக்கவில்லை.
கட்டத்துக்குள் கொள்ளாமல், ஓரத்தில் ஏறி,
மலையாளத்தில் ஏதோ நீளமாய் எழுதினான்.
அந்த எழுத்து எனக்கு வாசிக்க வரும்.
வாசிக்கவில்லை.
மேலே வளைவில் ஜீப் ஹாரன் அடித்தது.