இணைப்பு ஏழு

பதினேழு வயதில், தருமபுரி மைதானத்தில்
(அப்போது எல்லாம் ஒரே மாவட்டம்)
பக்கெட் தண்ணீரில் காலை முக்கி
சிமெண்ட் தரையில் வை என்றார்கள்.
வைத்தேன்.
குதிகால் விழுந்தது, ஐந்து விரலும் விழுந்தது,
நடுவில், உள்பக்கம்,
ஒரு பிறை அளவுக்குச் சிமெண்ட் காய்ந்தே கிடந்தது.
டாக்டர் குனியக்கூட இல்லை. "அடுத்த ஆள்" என்றார்.
நான் தேறியதற்கு அந்தப் பிறைதான் அத்தாட்சி.
பங்குனி வெயில்.
சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்
அத்தாட்சி ஆவியாகிவிட்டது.

இருபத்து நான்கு வருடம் மோர்ட்டார் பிளாட்டூன்.
அடித்தட்டை முதுகில் கட்டி ஏறுகிறவன்
கல்லைப் பார்ப்பானா, காலைப் பார்ப்பானா?
காலாட்படை என்று பேர்.
பேரில் கால் இருக்கிறது.

வந்த கடிதத்தில் இப்படி:
தட்டைப் பாதம், இரண்டு காலும். உடல்வாகு.
பணியால் வந்ததல்ல. பணியால் மோசமானதும் அல்ல.
ஊன ஓய்வூதியம்: இல்லை.
எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.
இருந்தும் காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
ஜெராக்ஸ் கடை நாகவேணியிடம் நீட்டினேன்,
வேறு யாராவது படித்தால்
வேறு மாதிரி வருமோ என்று.
'இல்லை' வந்த இடத்தில் அவள் குரலைத் தணித்தாள்.
கடையில் எங்களைத் தவிர ஆள் இல்லை.

முதல் மேல்முறையீடு போய், அதே வாக்கியத்தோடு திரும்பியது,
தேதி மட்டும் புதுசு.
இரண்டாவதுக்கு ஆதாரம் கேட்கிறார்கள்:
சேரும்போது பாதம் சரியாக இருந்தது என்பதற்கு.

யோசித்துப் பார்த்தால் இன்னொருவர் பார்த்திருக்கிறார்.
கல்யாணத்தில் என் மாமனார்
பித்தளைத் தாம்பாளத்தில் இந்தக் காலை வைத்துக் கழுவினார்,
பால் விட்டு, தண்ணீர் விட்டு,
வளைவுக்குள் விரலை விட்டு.
எனக்குக் கூச்சம், சிரித்துவிட்டேன்.
அவர் போய் ஒன்பது வருடம்.
"சாட்சி உயிரோடு இல்லை, என்ன எழுதட்டும்?" என்றாள் நாகவேணி.
அதையே எழுதச் சொன்னேன்.
எழுதவில்லை அவள்.

இப்போது மாங்கூழ் ஆலையில் இரவுக் காவல்.
ஆனி மாசம், லாரி லாரியாகப் பெங்களூரா.
பழம் கழுவிய தண்ணீர் கேட் வரைக்கும் வழிகிறது.
மூன்று மணிக்கு மேல் பூட்ஸுக்குள் கால் நிற்காது,
கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ரோந்து.
தொட்டியிலிருந்து ஆபீஸ் வாசல் வரை
ஈரத்தில் என் தடம்:
செங்கல் வைத்து எடுத்த மாதிரி, முழுசாக.
பக்கத்தில் சுமை இறக்கும் முனிராஜின் தடம்.
அவனுக்குப் பிறை இருக்கிறது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
அடுத்தவன் வீட்டு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி.

விடிந்ததும் தண்ணீர் வற்றிவிட்டது,
ஆனால் அது மாம்பழத் தண்ணீர். சர்க்கரை.
எறும்பு வந்துவிட்டது.
விரல் விரலாக, குதிகால் சுற்றி,
பிறை இருக்க வேண்டிய இடத்திலும்
நெருக்கியடித்துக்கொண்டு.
யாரும் பெருக்குவதற்கு முன்
போனில் எடுத்தேன். பக்கத்தில் பேனாவை வைத்து எடுத்தேன்,
அளவுக்கு.

கருப்பு வெள்ளையில் அது அழுக்குக் கறையாகத்தான் வந்தது.
"இது என்ன சார்?"
"இப்போது இருக்கிற கால்."
"அவர்கள் கேட்பது அப்போது இருந்த கால்."
"தெரியும்."
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
மேலே மூலையில் 'இணைப்பு 7' என்று அடித்து,
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

தபால் ஆபீஸ் கவுண்டரில் எடை போட்டவர் கேட்டார்:
உள்ளே என்ன?
கால், என்றேன்.
அவர் நிமிர்ந்து பார்க்காமல்
'ஆவணம்' என்று எழுதிக்கொண்டார்.