மீட்டருக்கு மேட்டர்

அம்மா ரிட்டையராகும் நாளுக்கு
என்ன வாங்கலாமென்று
கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று.
புடவையென்றால் விலை கேட்பாள்.
விலையைச் சொன்னால், மாயவரத்தில் இதே சரக்கு
பாதிக்குக் கிடைக்குமே என்பாள்.
கைக்கடிகாரமா, இனி எதற்கு மணி பார்க்க என்பாள்.
திரும்பும் பஸ்ஸில், ஆடுதுறை தாண்டி,
பாட்டெழுதுவது என்று முடிவானது.

கேலிப்பாட்டு. மெட்டு அவளுடையதே:
குத்தாலம் பிரிவில் இருபத்தெட்டு வருஷம்
வீடு வீடாய் மின்கணக்கு எடுத்த அபயாம்பாள்
நடை அலுக்காமலிருக்க முணுமுணுத்த
ஏதோ ஒரு பழைய டூயட்.
பெண் குரலை மட்டும் பாடுவாள்.
ஆண் குரல் வரவேண்டிய இடத்தில்
செருப்புச் சத்தம்தான் கேட்கும்.

காகிதம் தேடியபோது
பீரோவில் அகப்பட்டது ஒரு வெள்ளை அட்டை.
தேதி, ரீடிங், யூனிட், தொகை, கையெழுத்து
எனக் கட்டம் போட்டது, ஒன்றும் நிரப்பாதது.
மீட்டருக்கு மேட்டர் வைப்பது சுலபமென்று
சினிமாக்காரர்கள் சொல்வது பொய்.
நிலா இருந்த இடத்தில் ஃபியூஸ் கட்டையைச் செருகினேன்,
ஓர் அசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
தென்றலைத் தூக்கிவிட்டுத் தேரழுந்தூர் நாயை விட்டேன்,
கச்சிதமாய் உட்கார்ந்தது.
(கடித்தது உண்மை. கடிபட்ட காலோடு
மிச்சம் நாலு வீட்டை முடித்துவிட்டுத்தான்
ஊசிக்குப் போனாள்.)

    எட்டாத ஒசரத்துல மீட்டர் வெச்ச மகராசா
    ஏணி கேட்டா ஏணி மேல கோழி வெச்ச மகராசா
    ஐந்நூறத் தாண்டிருச்சு, ஆத்தாடி என்ன செய்வேன்
    ஆளில்லா ரூமுக்குள்ள ஃபேனு சுத்துது மகராசா

இதுவரை சரி. அடுத்த சரணம்தான் சிக்கல்.
கொக்கி என்ற சொல் தானாக வந்துவிட்டது.
முக்கி, சிக்கி, திக்கி
எதுகைக்கு வரிசைகட்டி நின்றன.
ஆனால் கொக்கி என்றால் எங்கள் வீட்டில்
சிங்காரு மாமா.
மூத்தவன் காதுகுத்துக்கு சீரியல் பல்பு போட
நேரே கம்பத்தில் மாட்டினார்.
எழுதிக்கொடுத்தது கூடப்பிறந்தவள்.
அபராதம் கட்டினார். பிறகு ஒன்பது வருஷம்
கோமல் ரோட்டில் இவளைப் பார்த்தால்
சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.
இப்போது பேசுகிறார். பேச்சென்றால்,
'வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா' அளவுக்கு.
ரப்பரால் அழித்தேன். கட்டத்தில் கறை தங்கியது.

மே முப்பத்தொன்று, மாலையும் கழுத்துமாய் வீடு வந்தாள்.
லைன்மேன் தைரியநாதன் எவர்சில்வர் தட்டில் தாளம் போட
நான் பாடினேன். கோழிக்குச் சிரித்தார்கள்.
நாய்க்கு அம்மாவே சிரித்தாள்.
ஃபேன் வரியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.
முடிந்ததும் அட்டையை வாங்கி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். அதே பார்வை,
தூசு படிந்த எண்களைப் படிக்கும் பார்வை.
"இங்க ஒரு கட்டம் ஓடலையே."
அழித்த இடத்தில் விரல் இருந்தது.

பிறகு அவளே எடுத்தாள்:
    கூடப்பொறந்த அண்ணனுக்குக் கொக்கி மேல ஆசையடி
என்று நிறுத்திவிட்டாள்.
அது ஆண் குரல் வரவேண்டிய இடம்.
வாழைக்காய் பஜ்ஜி எல்லார் கையிலும் பாதியில் நின்றது.
சிங்காரு மாமா தொண்டையைச் செருமினார்.
சுருதி எங்கோ மல்லியம் பக்கம் இருந்தது:
    கம்பியில ஷாக்கு இல்ல, தங்கச்சிதான் ஷாக்கடி!
மீட்டரில் சரியாக உட்காரவில்லை.
யாரும் சொல்லவில்லை.

அம்மா கையெழுத்துக் கட்டத்தில்
அ.பா. என்று சுருக்கமாய்ப் போட்டு
அட்டையை என்னிடம் நீட்டினாள்,
கதவிடுக்கில் நிற்கும் யாருக்கோ நீட்டுவதுபோல.
பிறகு,
"உள்ரூம்ல ஃபேன் ஓடுது. யாரு இருக்கா அங்க?"