பிறவினை

உவரி கஸ்பார் கப்பலில் பொறுக்கிய சொல் இது.
மார்செய்யில் ஃபத்திகே,
வலென்சியாவில் ஃபத்திகார்,
கூட்டாளி ஒருவன் படித்த,
ஊரே இல்லாமல் மேசையில் பிறந்த பாஷையிலும்
ஃபத்திகார்தான்.
எங்கும் பிறவினை:
ஒருவர் இன்னொருவரைக் களைக்கவைக்கணும்.
ஆளில்லையென்றால்
தன்னைத்தானே.

லீவில் வந்து இதை அவன் விளக்கும்போது
கித்தேரி, நண்டு கடித்த வலையைக்
கத்தரித்துக்கொண்டிருந்தாள்.
"எனக்குச் சடவா இருக்கு."

பார்த்தியா என்று சிரித்தான்.
நம்ம பேச்சில சடவு
கச்சான் காத்து மாதிரி தானா வரும்,
செஞ்சவன்னு ஒருத்தன் கிடையாது.

ஒன்பது மாசம்.
வள்ளக் கடன்.
ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ராத்திரியில் அம்மை.

"கிடையாதோ?" என்றாள்.
கத்திரியைக் கீழே வைத்தாள்.
"அந்தச் சொல்லை
இன்னொருக்கச் சொல்லும்."