ஏழாவது கலம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, மூடிப்போன அரிசி ஆலையின்
மேற்குச் சுவரில் ஒரு நண்டு.
ஆட்டோ அளவு.
வயல் நண்டுதான். அந்தச் சேற்று நிறம்
கடல் நண்டுக்கு வராது.

தேர்தல் அறிவித்து மூன்றாம் நாள்.
ஜீப்பில் நான், வீடியோ எடுக்க நிஜாமுதீன்,
காவலுக்கு முழங்கால் வலிக்கார ஏட்டு ஒருவர்.
என் மடியில் படிவம்.
வரிசை எண், ஊர், சுவர் யாருடையது, நீளம், அகலம்.
ஆறாவது கலம்: கட்சி அல்லது சின்னம்.
ஏழாவது: ஓவியம் உணர்த்தும் பொருள்.
எங்கள் பக்கம் கலம் என்றால்
பன்னிரண்டு மரக்கால் நெல்.
இந்தக் கலத்தில் நான்கு சொல் கொள்ளும், நெருக்கி எழுதினால்.

கூட்டம் சேர்ந்துவிட்டது.
"கொடுக்கைப் பாருங்க, விரிச்ச கை" என்றார் ஒரு கிளைச் செயலாளர்.
இன்னொருவர் கால்களை எண்ணினார்.
இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு,
தொகுதிப் பங்கீடு முடிஞ்சிருச்சு என்றார்.
உரக்கடை நாடிமுத்துவுக்குக் கோபம்:
"பக்கவாட்டுல போறதுன்னா எங்க தலைவரைத்தானே சொல்றான்!"
சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து
தீப்பெட்டி தேடினார்.

எரிவாயுக் குழாய் வந்தபோது
வயலில் படுத்துக் கிடந்த பையன்களில் ஒருவன்
நண்டை விட்டுவிட்டு வளையைக் காட்டினான்.
வளையை யாரும் வரையவில்லை.
ஆலையின் நீராவிக் குழாயைப் பிடுங்கி விற்றபோது
சுவரில் விழுந்த ஓட்டை அது.
முதலில் ஓட்டை, அப்புறம்தான் நண்டு
தோன்றியிருக்க வேண்டும் வரைந்தவனுக்கு.
நிஜாமுதீன் உள்ளே டார்ச் அடித்தான்.
ஓர் ஓணான்.

கொடுக்கில் இருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
குட்டைக் கல். தலையில் மஞ்சள். நெற்றியில் அம்புக்குறி.
சர்வே கல்.

நூறு நாள் வேலை முடிந்து
கூடையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்தபடி
கூட்டத்துக்கு வெளியே நின்ற அம்சவல்லி
பார்த்துக்கொண்டே இருந்தார்.
நண்டை அல்ல, என்னை.

பதினோரு வருஷம் இருக்கும்.
கீழத்தெருவில் நாற்பத்தி இரண்டு பேருக்கு மனைப்பட்டா.
கல் நட்டோம். படம் எடுத்துக்கொண்டோம்.
மறுவாரம் ஒரு கல் இல்லை.
அந்த இடத்தில் நடவு நட்டிருந்தது,
பயிர் ரொம்ப நாளாக அங்கேயே இருந்த மாதிரி.
மஞ்சள் பையில் மனுவோடு வந்தார்கள்.
கல்லு எங்கேங்க போச்சு என்று கேட்டதற்கு
"நண்டு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றது ஒரு குரல்.
அலுவலகமே சிரித்தது.
மின்விசிறிகூட ஒரு சுற்று தடுமாறியது.
யாருடைய குரல் என்று இங்கே எழுத மாட்டேன்.
எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

ஆறாவது கலத்தில்: இல்லை.
ஏழாவதில்: நீர்வாழ் உயிரினம்.
ஏட்டு எட்டிப் பார்த்து, நல்ல தமிழ் சார் என்றார்.

பொருள் இல்லாத சுவரையும் வெளுக்கச் சொல்லி உத்தரவு.
வெள்ளையடிக்க வந்தவர் பக்கிரிசாமி, அதே கீழத்தெரு.
மட்டையை முக்கி முக்கி இழுத்தார்.
ஈரச் சுண்ணாம்புக்குள் நண்டு
அப்படியே தெரிந்தது.
"காயட்டும் சார். காஞ்சா போயிரும்."
போயிற்று.
ஓட்டையை மட்டும் அவர் பூசவில்லை,
நானும் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு ராத்திரி, இடியோடு கோடைமழை.
பத்து மணிக்கு மேல் நிஜாமுதீன் அழைத்தான்.
"ஆலைப் பக்கமா வந்தேன் சார்.
சுவரு நனைஞ்சு நண்டு வெளிய வந்திருக்கு.
எடுக்கவா?"

கரண்ட் இல்லை.
போனின் வெளிச்சத்தில் என் கை மட்டும் தெரிந்தது.
கல்லும் தெரியுதா, என்று கேட்டேன்.