குறிப்புப் பத்தி

வெட்டாற்று ரெகுலேட்டரில் எனக்கு ராத்திரி டூட்டி.
மேல்புறம் நாலடி, கீழ்ப்புறம் மூணேகால்.
பதிவேட்டில் எழுதி
டார்ச்சை அணைத்தபின்
அண்ணாந்து இன்னோர் அளவு.

திருவோணத்துக்கு நாலு விரல் தெற்கே
யாருடைய ஜாதகத்திலும் இல்லாத ஒரு மீன்.
ரெண்டு நாளில் பொங்கும்,
ஐந்து நாளாக வடியும்.
உடம்பே உப்பிச் சுருங்கி உப்புகிறதாம்.
பக்கத்து மீன்களோடு ஒத்துப்பார்த்து
3.5, 3.9 என்று
குறிப்புப் பத்தியில் போடுவேன்.
எண் ஏறினால் ஒளி இறங்கியதென்று பொருள்.
ஆற்றுக்கு நேர்மாறு.

நாங்கள் ஆறு நாள் திறந்து ஆறு நாள் அடைக்கிறோம்,
மேட்டூரில் இருந்தால்.
அதற்கு ஏழு நாள், நாலேகால் மணி.
மேகம் மூடிய வாரத்திலும்
மேலே அது பாட்டுக்கு நடந்திருக்கிறது.

அடைத்த இரண்டாம் ராத்திரி
கடைமடையிலிருந்து ஞானசௌந்தரி
மொபெட்டில் வந்தாள்.
"நடவு வெளுக்குது. ரெண்டே திருகு."
சாவி என் இடுப்பில் கனத்தது.
மேலே பார்த்தேன்,
மங்கலின் அடியில் இருந்தது.
அவளும் பார்த்தாள்: "மழை வருமா?"
"இல்லை."
ஷட்டருக்குக் கிரீஸ் போட்டு வெகுநாள்;
ஊருக்கே கேட்கும்படி கத்தியது.
விடியுமுன் இறக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை உதவிப் பொறியாளர்
பதிவேட்டில் விரலை நிறுத்தினார்.
"அடைத்த நாளில் இதென்ன, 4.3?
தண்ணி ஏறியிருக்கே, அடைக்கலம்?"

"ஏறலை சார்.
அன்னிக்குத்தான் ரொம்ப இறங்கியிருந்தது."