உறை

தார்த்து நகரில் நவம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே விளக்குப் போடுகிறார்கள்.
நான் மட்டும் அணைத்துவிட்டு
நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறேன்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்குள் செல்கள்.
முந்தாநாள் ஊற்றிய வைரஸ், அதனுடன்
ஆள் ஆளாய்ப் பிரித்த சீரம்.

வைரஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்.
உள்ளிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு
எங்கள் கடிதத்தை வைத்து ஒட்டியதுதான் இது.
அறுபது புரதத் துண்டு, இருபது முகம்,
அவ்வளவுதான் உறை.
சோதனைக் கடிதத்தில்
ஜெல்லிமீனிடம் கடன் வாங்கிய ஒரே ஒரு வரி:
போய்ச் சேர்ந்தால் செல் பச்சையாய் ஒளிரும்.

அசல் கடிதம் வேறு. அதில் ஒன்பதாம் காரணி.
ரத்தம் உறைய மறந்தவர்களின்
ஈரலுக்கு ஒரு முறை,
ஒரே முறை கொடுக்க வேண்டியது.

பதினேழாம் எண்ணுக்குப் பெயர் கிடையாது எனக்கு.
ஆனாலும் தெரியும்.
மடங்காத இடது முழங்காலோடு
தானே படியேறி வந்தவர், ஐவார்.
நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்றுத்தருபவர்.
ஊசிப்பை இல்லாமல் கீஹ்னு தீவுக்கு
ஒரு கோடையாவது போக வேண்டுமாம்.

பக்கத்து வரிசை பச்சைப் பயிர்போல் நிற்கிறது.
பதினேழில்
ஐந்தில் ஒரு பங்காக்கிப் பார்த்தேன்: இருட்டு.
ஐம்பதில் ஒரு பங்கு: இருட்டு.
ஐந்நூற்றில்
ஏதோ ஒரு மூலையில் ஒரு செல்,
அதுவும் என் கண்ணாடியின் தூசியாக இருக்கலாம்.

எப்போதோ ஐந்து வயதில் ஒரு சளி.
அந்தச் சளியோடு
டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்த ஒரு குட்டி வைரஸ்.
யாரையும் ஒன்றும் செய்யாமல் இறங்கிப் போயிருக்கும்.
உடம்போ அதன் சட்டைத் தையலைப்
பார்த்து வைத்துக்கொண்டது.
நாற்பது வருடமாய் அதே தையலைத் தேடுகிறது
இரண்டு கையுள்ள ஆன்டிபாடி.

தட்டப்போகும் கையை வாசலிலேயே
பிடித்துக்கொள்வது ஒரு வகை.
இரண்டு வைரஸை ஒன்றோடொன்று கட்டிப் போடுவது ஒரு வகை.
இன்னொன்று இருக்கிறது, மௌனமானது:
உள்ளே வர விடும்.
உறையை மட்டும் பிரிய விடாது.
வீட்டுக்குள் வந்த கடிதம்
வாசிக்கப்படாமலே குப்பைக்குப் போகும்.

போலியோவாக இருந்தால்
கைதட்டியிருப்போம் இதற்கு.

உறைய வேண்டியது உறையவில்லை.
திறக்க வேண்டிய உறை திறக்கவில்லை.
அறிக்கையில் இதை எழுத முடியாது.
"தகுதியில்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறது,
அதில் குறி போட்டேன்.

டாக்டர் மார்யே மறுநாள் சொன்னார்:
கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.
"என் உடம்பிலும் ஏதோ ஒன்று
ஒழுங்காய் வேலை செய்கிறது, பாருங்கள்."
பிறகு வெகுநேரம்
ஃபோனை வைக்கவில்லையாம்.

எமயோகி ஆற்றில் கரையோரம் மட்டும்
மெல்லிய ஏடு கட்டியிருக்கிறது.
நடுவில் தண்ணீர் ஓடுகிறது.

பதினெட்டாம் எண்.
விளக்கை அணைக்கிறேன்.